பாட்டில் பிரஷ் புஷ்பம்

புஷ்பங்களுக்குப் பெயரிடுவதில் நம் முன்னோர்களுக்கு ஈடு சொல்ல முடியாது. பவளமல்லி, மனோரஞ்சிதம், நந்தியாவட்டை, செண்பகம் என்று சொல்லும்போதே வாய் மணக்கிறது. இப்படிப்பட்ட பரம்பரையில் வந்த நமக்கு, ஒரு புஷ்பத்தைச் "சீசா கழுவும் பிரஷ்" என்று அழைக்கச் சிறிது கூச்சமாய்த்தான் இருக்கும். ஆயினும் என் செய்வது? அதன் தோற்றம் அப்படி. நாலைந்து அங்குல நீளத்தில், சுற்றிலும் செக்கச் செவேலென்று மயிர்கள் சிலிர்த்து நிற்க, கிளை நுனியில் தொங்கும் அதைப் பார்த்த எவரும் வேறு பெயர் வைக்கத் துணியமாட்டார்கள். தமிழில் அதற்கு ஒரு நல்ல பெயர் இன்னும் ஏற்படவில்லை. நர்ஸரிக்காரரிடம் "பாட்டில் பிரஷ்" என்று கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார். ஆகவே இக்கட்டுரையிலும் அந்தப் பெயரே இருக்கட்டும்.

திருச்சி ஜங்ஷனைச் சுற்றியுள்ள பழைய பங்களாத் தோட்டங்களிலும், புதிய நகர்களின் பூங்காக்களிலும் இச்செடியைக் காணலாம். ஸ்ரீரங்கத்து வீட்டுக் கொல்லைகளிலும் இப்போது இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டுகிறது. வாங்கி வைக்கிறவர்கள் பலர். வைத்து வளர்க்கிறவர்கள் சிலரே. முதல் வருஷம் பச்சைப்பசேலென்று இருந்த செடி, மறு வருஷம் இலை வெளுத்து, மூன்றாம் வருஷம் விறகாகிப் போவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். "இந்த ஊர் வெயில் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். பாவம், வெயில்மீது வீண் பழி! செடியைக் கொல்வது மேலே இருக்கும் சூரியன் அல்ல. கீழே இருக்கும் மண். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன் இச்செடியின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

1770-ம் வருஷம் ஏப்ரல் மாதக் கடைசியில் காப்டன் குக் என்பவரின் 'எண்டவர்' கப்பல் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் ஒரு விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சிற்று. கப்பலில் ஜோஸப் பாங்க்ஸ் என்ற செல்வந்தரும், ஸோலாண்டர் என்ற ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானியும் இருந்தார்கள். இருவருக்கும் செடிகொடிகள் என்றால் பித்து. அங்கே அவர்கள் சேகரித்த புதுத் தாவரங்கள் ஏராளம். அந்த இடத்துக்கே 'பாட்டனி விரிகுடா' என்று பெயர் நிலைத்துவிட்டது. 1788-ல் அதன் அருகே ஆங்கிலேயர் குடியேற்றம் ஏற்பட்டது. அடுத்த வருஷமே, 1789-ல், பாங்க்ஸின் முயற்சியால் பாட்டில் பிரஷ் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. ராபர்ட் பிரௌன் என்னும் தாவர சாஸ்திரி 1814-ல் இதற்குக் 'காலிஸ்டெமன்' என்று கிரேக்கப் பெயர் சூட்டினார். 'அழகிய கேசரம்' என்று பொருள். இப்போது விஞ்ஞானிகளில் ஒரு சாரார் இதை 'மெலலூகா' என்ற இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். மற்றொரு சாரார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் வழக்கு அவர்களோடு. செடி இரண்டு பெயருக்கும் ஒரே மாதிரி பூக்கிறது.

'அழகிய கேசரம்' என்ற பெயரில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. நாம் சிவப்பாகக் காண்பது இதழ் அல்ல. பூவின் இதழ்கள் மிகச் சிறியவை. சீக்கிரம் உதிர்ந்து விடுபவை. சிவந்த மயிர் ஒவ்வொன்றும் ஒரு மகரந்தக் கேசரம். அதன் நுனியில் மகரந்தப் பொடி. நாம் ஒரு பூ என்று நினைப்பது உண்மையில் பல பூக்கள் ஒரு தண்டைச் சூழ நெருங்கி உட்கார்ந்திருக்கும் கூட்டம்.

இனி ஓர் உறவுமுறை சொல்கிறேன். ஸ்ரீரங்கத்து வாசகர்களுக்கு வேடிக்கையாயிருக்கும். பாட்டில் பிரஷ் இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியது போலச் சிறு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ப் பைகள். கசக்கி முகர்ந்தால் மணம் வரும். தைல மரத்து இலையும் அப்படியே. கொய்யா இலையும் அப்படியே. கிராம்பு, நாவல் எல்லாம் இந்த ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நாவல் என்றதும் ஞாபகம் வருகிறதல்லவா? காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள இதே தீவில், திருவானைக்காவில், ஜம்புகேசுவரருக்கு ஸ்தல விருட்சம் வெண்ணாவல். ஆகவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்தச் செடி இந்தத் தீவுக்கு முழுவதும் அந்நியம் என்று சொல்லிவிட முடியாது. தூரத்து உறவு ஒன்று இங்கே ஏற்கெனவே குடியிருக்கிறது.

நிற்க, மண்ணின் கதைக்கு வருவோம்.

பாட்டில் பிரஷ் அதன் பிறந்த தேசத்தில் பெரும்பாலும் ஓடைக் கரைகளிலும் ஈரத் தாழ்வுகளிலும் வளர்வது. அங்குள்ள மண் சற்றே புளிப்புத் தன்மையுடையது. நம் திருச்சியிலோ நிலைமை நேர் எதிர். ஸ்ரீரங்கம் தீவில் ஆற்று வண்டல்; அதைப் பற்றிக் குறையில்லை. நதியை விட்டு விலகித் தெற்கே செல்லச் செல்லப் பல இடங்களில் களர் மண். நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இம்மாதிரி நிலத்தை ஆராய்வதையே ஒரு முக்கிய வேலையாக வைத்துக்கொண்டிருக்கிறது. 'டி.ஆர்.ஒய். 1', 'டி.ஆர்.ஒய். 3' என்ற நெல் ரகங்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த மூன்று எழுத்து நம் திருச்சியைக் குறிப்பதே. களர் நிலத்திலும் தாக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அவை உண்டாக்கப்பட்டன.

களர் மண்ணில் ஸோடியம் மிகுந்திருக்கிறது. அதனால் மண் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் குழம்பி, ஜலம் உள்ளே இறங்காதபடி மேலே ஓடு கட்டிவிடும். அது ஒரு கெடுதல். இன்னொரு கெடுதல் கண்ணுக்குத் தெரியாதது. மண்ணின் புளிப்பையும் காரத்தையும் அளக்க ஓர் அளவுகோல் உண்டு. அதில் 7 என்பது நடுநிலை. அதற்கு மேலே 8, 9 என்று ஏற ஏற, மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் அது ஜலத்தில் கரையாமல் இறுகிவிடுகிறது. செடி கரைந்ததைத்தான் உறிஞ்ச முடியும். பெட்டி நிறையப் பணம், சாவியோ இல்லை என்ற கதைதான். இரும்பு கிட்டாத செடியில் பச்சையம் உண்டாவதில்லை. புதிதாகத் துளிர்க்கும் இலைகள் மஞ்சளாகும். ஆனால் நரம்புகள் மட்டும் பச்சையாகவே இருக்கும். இந்த அடையாளத்தை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடி இலைகள் மஞ்சளானால் அது வேறு வியாதி. நுனித் துளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புப் பஞ்சம்.

இதை அறியாதவர்கள் என்ன செய்கிறார்கள்? இலை வெளுத்தவுடன் ஜலம் போதவில்லை என்று எண்ணி, இரண்டு குடம் அதிகமாகக் கிணற்று ஜலத்தை ஊற்றுகிறார்கள். அந்த ஜலத்திலேயே உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதுதான். அதைச் செடியின் வேரிலும் தினந்தோறும் படிய வைக்கிறார்கள். வியாதிக்கு மருந்தாக வியாதியையே கொடுப்பது போலாகிறது.

முதலில் வரும்முன் காப்பதைச் சொல்கிறேன். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுங்கள். எடுத்த மண் கட்டி கட்டியாக, சாம்பல் நிறமாக இருந்தால் அதைத் திரும்பக் குழியில் போட வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ இலை மக்கோ ஒரு பங்கு சேர்த்து நிரப்புங்கள். தரை களராயிருந்தால், மண் பரிசோதனை செய்து கொண்டு, ஜிப்ஸம் எவ்வளவு போடவேண்டும் என்று கேட்டுப் போட்டு, நல்ல ஜலம் விட்டு அலசிவிட வேண்டும். ஜிப்ஸத்தில் உள்ள கால்ஸியம் மண்ணைப் பற்றியிருக்கும் ஸோடியத்தை விரட்டும். ஜலம் அதைக் கீழே அடித்துக்கொண்டு போகும். எக்காரணம் கொண்டும் சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் இரண்டும் இந்தச் செடியின் பக்கம் வரக்கூடாது. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்த சாம்பல் தண்ணீர் பாயும் இடத்தில் வாழையை வையுங்கள். பாட்டில் பிரஷை வைக்காதீர்கள்.

நடுவதற்குச் சரியான காலம் புரட்டாசிக் கடைசி அல்லது ஐப்பசி. நம் ஜில்லாவில் மழையின் பெரும் பகுதி ஐப்பசி கார்த்திகையில்தான். மழை ஜலம் சுத்த ஜலம். அதைக் குடித்தே செடி வேரூன்றிவிடும். பங்குனியில் வாங்கி நட்டுவிட்டு அக்கினி நட்சத்திரத்தில் கண்ணீர் விடுவது அநாவசியம். இடம் வெயில் விழும் இடமாக இருக்க வேண்டும். தினம் ஐந்தாறு மணி நேர வெயிலாவது வேண்டும். மாடி வீடுகளுக்கு இடையே உள்ள சந்தில் வைத்தால் செடி நீண்டு மெலியும், பூக்காது. ஓடைக்கரைச் செடியானபடியால் வேர் ஈரத்தைத் தேடிப் போகும். சாக்கடைக் குழாய்க்கும் சுவருக்கும் எட்டு பத்து அடி தள்ளி நடுவது நல்லது.

முதல் வருஷம் வாரத்துக்கு இரண்டு முறை வேர் நனைய ஜலம் விட்டால் போதும். சித்திரை வைகாசியில் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டு வருஷம் ஆன பிறகு இச்செடி வறட்சியைத் தாங்கும் திறமை பெற்றுவிடுகிறது. வாரம் ஒருமுறை ஆழமாக நனைத்தால் போதுமானது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பது மேல் வேரைத்தான் வளர்க்கும். அடியில் மூடாக்கு அவசியம். ஸ்ரீரங்கத்தில் வாழைச் சருகுக்குப் பஞ்சமா? அதை நறுக்கிச் செடியைச் சுற்றி மூன்று அங்குலக் கனத்தில் பரப்புங்கள். தண்டைத் தொடாமல் நாலு விரல் விட்டுப் பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் கரையானுக்கு விருந்து வைத்ததாகும். சருகு மக்க மக்க மண் பொதபொதப்பாகி, காரமும் சிறிது தணியும்.

துளிர் ஏற்கெனவே வெளுத்துவிட்டதா? கவலை வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கிடைக்கிறதே, அது இரும்பு உப்புத்தான். ஒரு லிட்டர் ஜலத்தில் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, எலுமிச்சம்பழச் சாறு சில துளி விட்டு, சாயங்கால வேளையில் இலைகள் நனையத் தெளிக்கவும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தரம், மூன்று தரம் செய்தால் புதுத் துளிர் பச்சையாக வரும். மண்ணில் கொட்டினால் அந்த இரும்பும் பழைய இரும்பைப் போலப் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் இலைவழியாகக் கொடுப்பது. சுவரிலும் துணியிலும் பட்டால் துருக்கறை போகாது. வீட்டில் வசவு கேட்க நேரிடும், ஜாக்கிரதை!

வேறு உரம் அதிகம் வேண்டியதில்லை. வருஷத்துக்கு இருமுறை ஒரு கூடை மக்கிய எரு போதும். செதில் பூச்சியும் மாவுப் பூச்சியும் எப்போதாவது வரும். சோப்பு ஜலத்தில் வேப்பெண்ணெய் கலந்து அடித்தால் விலகும்.

செடி வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. கிளைகள் அலரிபோல் விறைத்து நிற்கும் ஜாதி ஒன்று. கிளைகள் நீராடிய கூந்தல் போலத் தாழத் தொங்கும் ஜாதி மற்றொன்று. நம் சமவெளி வெப்பத்துக்குத் தொங்கும் ஜாதியே மேல். அது பதினைந்து அடிக்கு மேலும் வளரும். இடமில்லாதவர்களுக்கு மூன்றடியோடு நிற்கும் குட்டை ஜாதியும் வந்திருக்கிறது. பெரிய மண் தொட்டியில் மாடியில் வைக்கலாம். விதையிலிருந்து வளர்த்தால் தாயைப் போல் பிள்ளை இராது. நல்ல நிறமுள்ள செடியிலிருந்து, பாதி முற்றிய கிளையில் நாலு அங்குலம் வெட்டி, மணலில் ஊன்றி, நிழலில் ஈரம் காத்தால் இரண்டு மாதத்தில் வேர்விடும். பத்துக்கு நாலு பிழைத்தாலும் லாபந்தான்.

இனிச் சற்றுக் கடினமான விஷயம். அந்நிய தேசத்துச் செடியை நாம் ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் சரியல்ல. அந்நியம் என்ற ஒரே காரணத்துக்காக விலக்குவதானால், நம் மாலைகளில் கட்டும் நிலச்சம்பங்கியும், துலுக்கச் செவ்வந்தியும், சமையலறை மிளகாயும் மெக்ஸிகோ பக்கத்திலிருந்து வந்தவை. எல்லாவற்றையும் அல்லவா விலக்க வேண்டும்? எங்கிருந்து வந்தது என்பது பெரிதல்ல. வந்த இடத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பதே பெரிது.

நீலகிரியைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டில் என்னும் சீகை மர ஜாதிகளைக் கொண்டுவந்து நட்டார்கள். 1843-ல் தைல மரமும் வந்தது. விறகுக்கும் தோல் பதனிடவும் என்று பிறகு ஏராளமாகப் பயிர் செய்தார்கள். மஞ்சள் பூப் பூத்துப் பார்க்க அழகாயிருந்த வாட்டில், சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளை மெள்ள மெள்ள விழுங்கிற்று. பழனி மலையிலும் அதே கதை. அந்தப் பழனி மலைத் தாவரங்களை ஆராய்ந்து 1999-ல் மூன்று பாகங்களாகப் பெரும் நூல் வெளியிட்டவர் நம் திருச்சிக்காரர் என்றே சொல்லத்தக்க கே. எம். மாத்யூ பாதிரியார். தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தை ஏற்படுத்தி, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களையெல்லாம் ஊர் ஊராக நடந்து சேகரித்தவர். 2004-ல் காலமானார். கல்லூரி மாணவர்களாயிருக்கும் பிள்ளைகள் அந்தக் காப்பகத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். வாட்டிலை அகற்றுவதற்கு இப்போது உயர்நீதிமன்ற உத்தரவும், 2022-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட ஒரு கொள்கையும் தேவைப்பட்டிருக்கின்றன. நட்டவர்களுக்கு ஆன செலவைவிடப் பிடுங்குகிறவர்களுக்கு ஆகும் செலவு பல மடங்கு.

பாட்டில் பிரஷ் இங்கே அவ்விதம் பரவவில்லை என்பது உண்மை. ஆனால் தென்னாப்பிரிக்காவில் இது பரவும் களையாக எண்ணப்படுகிறது. இதன் நெருங்கிய உறவான ஒரு மெலலூகா, அமெரிக்காவில் பிளாரிடாவின் சதுப்பு நிலங்களில் புகுந்து செய்த அட்டகாசம் உலகப் பிரசித்தம். எல்லா இடத்திலும் காரணம் ஒன்றே: விதை. பூ உதிர்ந்த பிறகு தண்டைச் சுற்றி மிளகு போன்ற கட்டைக் காய்கள் ஒட்டிக்கொள்கின்றன. கிளையோ அந்த இடத்தோடு நில்லாமல், பூவைத் தாண்டி மேலே வளர்ந்து அடுத்த பூவை விடும். ஆகவே பழைய கிளையில் காய்க் கொத்துகள் வளையல் அடுக்கியது போல வரிசையாக இருக்கும். எண்ணினால் எத்தனை முறை பூத்தது என்று சொல்லிவிடலாம். காய்கள் வருஷக்கணக்கில் திறவாமல் காத்திருக்கும். கிளை காய்ந்தாலோ, தீப்பட்டாலோ திறந்து தூசு போன்ற விதைகளைக் கொட்டும். ஈரக் கரையில் விழுந்தால் முளைக்கும். நம் ஊர் இரண்டு நதிகளும் எத்தனையோ வாய்க்கால்களும் உள்ள ஊர். ஆகவே இதைக் காவேரிக் கரையிலோ, கொள்ளிடக் கரையிலோ, உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரத்திலோ நடுவது கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். வீட்டு மதிலுக்குள் வளர்க்கலாம். அங்கேயும் கத்தரிக்கோலோடு வளர்க்க வேண்டும்.

இதில் ஒரு செளகரியம் இருக்கிறது. பூ வாடியவுடன், காய் பிடிக்கும் முன்பு, பூத்தண்டுக்குச் சற்றுக் கீழே கத்தரித்துவிட்டால் விதை உண்டாவதில்லை. அதே வெட்டினால் பக்கத்திலிருந்து மூன்று நாலு துளிர்கள் கிளம்பும். ஒவ்வொரு துளிர் நுனியிலும் அடுத்த தரம் ஒரு பூ. வெட்டாமல் விட்ட செடி வானத்தைப் பார்த்து வளர்ந்து, உச்சியில் பத்துப் பூவோடு நிற்கும். வெட்டிய செடி இடுப்பிலிருந்து உச்சி வரை சிவக்கும். மொட்டு வரும் தை மாசியில் வெட்டினால் அந்த வருஷத்துப் பூவையே வெட்டியதாகும். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழாவுக்குத் தோட்டத்தை அழகு செய்கிறேன் என்று ஒருவர் மாசி மாதத்தில் வரிசையாக எல்லாவற்றையும் பந்து போல் கத்தரித்துவிட்டார். விழாவுக்கு வந்த பெரிய மனிதர் பச்சைப் பந்துகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

பூஜைக்கு இப்புஷ்பம் உதவாது. மணமில்லை, பறித்தால் கேசரம் உதிர்ந்துவிடும், தலையிலும் சூட முடியாது. தொண்டரடிப்பொடியாழ்வார் நந்தவனம் வைத்துத் துளஸியும் மலரும் கைங்கரியம் செய்த ஊர் இது. கொல்லையில் ஒரே ஒரு செடிக்குத்தான் இடமுண்டு என்றால், பவளமல்லியையோ நந்தியாவட்டையையோ வையுங்கள் என்றே சொல்வேன். இரண்டு செடிக்கு இடமிருந்தால் இரண்டாவதாக இது வரட்டும். ஏனெனில், இது நமக்காகப் பூப்பதில்லை, தேன்சிட்டுக்காகப் பூக்கிறது.

பிறந்த தேசத்தில் இதன் தேனுக்குக் கிளிகளும் தேனுண்ணிப் பறவைகளும் வரும். இங்கே அவற்றின் ஸ்தானத்தைக் கட்டை விரல் அளவுள்ள நம் தேன்சிட்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாசி பங்குனிக் காலையில் செடி சிவந்து நிற்கும்போது ஜன்னலோரம் பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். ஊதா நிற ஆண் குருவி கிளையில் தலைகீழாகத் தொங்கி, வளைந்த மூக்கைக் கேசரங்களுக்கிடையே நுழைத்து உறிஞ்சும். நெற்றியெல்லாம் மகரந்தப் பொடி அப்பிக்கொள்ளும். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூரில் 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போவதோடு, வீட்டிலும் இம்மாதிரி ஒரு காட்சி இருந்தால் நல்லதுதானே?

சில வீடுகளில் தேன்சிட்டு இதன் தொங்கு கிளையிலேயே கூடு கட்டிவிடுவதுண்டு. சிலந்தி நூலும் சருகும் சேர்த்துப் பழைய பை ஒன்று காற்றில் ஆடுவது போல இருக்கும். தெரியாதவர்கள் குப்பை என்று எண்ணிவிடுவார்கள். பூ முடிந்து கத்தரிக்கும் முன் ஒவ்வொரு கிளையையும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். கூடு இருந்தால், முட்டை பொரித்துக் குஞ்சு பறந்து போகச் சுமார் ஒரு மாதம் ஆகும். அதுவரை கத்தரிக்கோல் ஆணியில் தொங்கட்டும். பிறகு வெட்டியெடுத்த பழைய காய்க் கிளைகளைக் கோணியில் கட்டிப் போடுங்கள். வாய்க்காலில் எறிய வேண்டாம்.